ஏலத்துக்கு வராத தேன்

அத்தியாயம் 6

"அரைக் கிலோ சீனி. அதுக்கு மேல ஒரு தரி கூட வாங்கமாட்டான்" என்றார் ஜாஸ்பர்.

அருமனைச் சந்திப்பில் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அவர். யார் வீட்டில் உப்புத் தீர்ந்தது என்பது அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனி மாத மழை கடையின் தகரக் கூரையில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

துப்பறிவாளர் ஞானதாசன் குடையை மடக்கித் தூணில் சாய்த்தார். ஐந்து நாள் அலைச்சலில் கையில் அகப்பட்ட முதல் நூல்நுனி இதுதான்.

"ஷிபு எப்ப இருந்து வாங்குதான்?"

"போன வருச மழைக்கும் வாங்கினான், இந்த வருச மழைக்கும் வாங்குதான். சனிக்கிழமை சனிக்கிழமை வருவான். வீட்டுச் சாமான் வேற, இது வேற. இத மட்டும் தனியா பொதிஞ்சு தரச் செல்லுவான். வெயில் காலம் வந்தா இந்தப் பொதி கிடையாது."

"மழைக்கு மட்டும் வாற சர்க்கரை வியாதி போல இருக்கு சாரே" என்றாள் ஸ்மைலின்.

ஸ்மைலின் ஞானதாசனின் உதவியாளர். சட்டம் படித்துவிட்டு, நீதிமன்றத்தில் பேச வேண்டியதையெல்லாம் மூன்று வருடமாக ஞானதாசனின் காதில் பேசிக்கொண்டிருக்கும் பெண். மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது அவர்களுடைய அலுவலகம். 'கேஸ் வராவிட்டாலும் வாசனை வருகிறதே' என்பது அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

"வியாதி இல்ல மக்கா. தீனி" என்றார் ஞானதாசன்.

மேற்குத் தாலுகாக்களில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கிற தை, மாசியில் தேனீக்களுக்கு விருந்து. மழை மாதங்களில் காடு முழுக்கப் பட்டினி. பெட்டி வைத்திருப்பவர்கள் சீனிப்பாகு காய்ச்சித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி உள்ளே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஒருநாள் காலையில் பெட்டி இருக்கும், தேனீ இருக்காது.

ஆக, ஷிபுவிடம் தேனீ இருக்கிறது. ஞானதாசன் ஐந்து நாளாகத் தேடுவதும் தேனீயைத்தான்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுத் திருச்சபை ஒன்று, ஏழை நாடுகளின் விவசாயத்துக்கென்று தன் சபையார் ஞாயிற்றுக்கிழமைகளில் போடும் காணிக்கையை ஒதுக்கி வைக்கிறது. அதில் ஒரு பங்கு அருமனையில் இருக்கும் விடிவெள்ளி வேளாண் சங்கத்துக்கு வந்தது. ரப்பர் வெட்டியும் மரச்சீனிக் கிழங்கு நட்டும் பிழைக்கிற நாற்பது பெண்களுக்கு ஆளுக்கு மூன்று தேன்பெட்டி என்பது திட்டம். பெட்டிகள் கொடுத்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறது. மழைக்குப் பயந்து இந்த ஆண்டு எல்லாவற்றையும் இறக்கிச் சங்கத்துக் கொட்டகையில் வைத்திருந்தார்களாம். ஒரே வாரத்தில் நூற்றிருபது பெட்டியும் காணாமல் போயின. சங்கத்தின் களப்பணியாளன் ஷிபுவிடம்தான் கொட்டகைச் சாவி இருந்தது. அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, சனிக்கிழமை விமானம் ஏறப் போகிறான். வெளிநாட்டிலிருந்து பார்வையிட வரும் அம்மையாரோ இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறார்.

இவ்வளவையும் சொல்லி ஞானதாசனை அழைத்தவர் சங்கச் செயலாளர் யோவான். வெறும் செயலாளர் இல்லை. ஒரே பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடிய கூட்டுக்காரர். பதினோரு வருடத்துக்கு முன் ஞானதாசனின் மனைவி பிரசவ அறையில் உயிருக்குப் போராடியபோது, நாகர்கோவிலுக்குப் பேருந்து பிடித்து ஓடி வந்து ரத்தம் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் அழைத்தால் ஞானதாசன் கட்டணம் பேசுவாரா? அன்றைக்குச் சங்க அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. "ஒப்பந்தம் பொறவு அடிச்சுக்கலாம் தாசு, நீ ஒப்பிட்டுத் தந்துட்டுப் போ" என்றார் யோவான். ஞானதாசன் தன் பெயர் அச்சிட்ட தாளில் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

"இந்தச் சீனிய எங்க கொண்டு போவான் அண்ணாச்சி?" என்று ஜாஸ்பரிடம் கேட்டாள் ஸ்மைலின்.

"மேல, ஜெயபாய் வீட்டுப் பக்கம் ஏறுவான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் பொதிய விக்கிறவன் வழியப் பாக்கப்படாது."

ஸ்கூட்டரில் ஏறும்போது ஸ்மைலின் விரல் விட்டு எண்ணினாள். "சாரே, எனக்கு ஒரு சந்தேகம். நூத்தியிருவது பெட்டிக்கு அரைக் கிலோ சீனின்னா, ஒவ்வொரு தேன் ஈச்சயும் சீனிக்க போட்டோவத்தான் நக்கணும்."

"வேற கடையிலயும் வாங்கியிருப்பான்."

"வாங்கியிருக்கட்டும். ஆனா பெட்டி காணாமப் போனது இந்த மாசம். இவன் சீனி வாங்குதது போன வருசத்துல இருந்து. திருடுறதுக்கு ஒரு வருசம் முந்தியே தீனி போட்டுப் பழகுத கள்ளன நான் இப்பத்தான் கேள்விப்படுதேன்."

அந்தக் கேள்வி ஞானதாசனுக்குள்ளும் ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. 'முதலில் பெட்டியைப் பார்ப்போம்' என்று அதை அடக்கினார்.

* * *

வெட்டுக்காயத்தில் மழை இறங்காமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய ரப்பர் மரங்களுக்கு நடுவே வழுக்குப் பாதையில் ஏறினால் ஜெயபாயின் ஓட்டு வீடு. கணவர் போன பிறகு ரப்பர் வெட்டித்தான் இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். ஆளைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"சங்கத்துல இருந்து வாறியளா?"

"சங்கத்துக்காக வாறேன் தங்கச்சி. ஷிபுவத் தேடி."

"அவன் இஞ்ச இல்ல."

"ஈச்ச இருக்குல்லா" என்றாள் ஸ்மைலின்.

வீட்டுக்குப் பின்னாலிருந்து அந்த ரீங்காரம் மழையையும் மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயபாய் தடுக்கவில்லை. தடுத்தும் பயனில்லை என்று தெரிந்தவள்போல் ஒதுங்கிக்கொண்டாள்.

ஞானதாசன் விரைந்து பின்பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கொல்லையில் கழி ஒன்று நட்டு, அதன்மேல் ஒரு தேன்பெட்டி. ஒன்றே ஒன்று. மழை படாமல் அதற்கு மேலே ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கயிற்றால் கட்டியிருந்தது. கழியின் அடியில், எறும்பு ஏறாமல் தண்ணீர் நிறைத்த சிரட்டை. சுற்றிலும் வாழையும் சேம்பும்தான். வேறு பெட்டி இல்லை. இருந்த தடமும் இல்லை.

"மிச்சம் நூத்திப்பத்தொம்பதும் லீவுல போயிருக்கு" என்றாள் ஸ்மைலின் மெதுவாக.

காற்றில் முறிந்த பலாச்சுள்ளி ஒன்று பெட்டியின்மேல் சாய்ந்து கிடந்தது. அதன் வழியாக ஒரு வரிசை சிவப்பு எறும்பு பாலம் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. ஞானதாசன் கேட்க வந்ததை மறந்து சுள்ளியை எடுத்துத் தூரப் போட்டார். கைக்குட்டையால் பெட்டியின் ஓரத்தைத் துடைத்தார். நாலைந்து எறும்பு அவர் மணிக்கட்டைக் கடித்தது. அதையும் தட்டிவிட்டு, கீழே குனிந்து சிரட்டையில் கிடந்த சருகை எடுத்துப் போட்டார்.

ஜெயபாய் இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விசாரிக்க வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். எறும்பு விலக்க வந்தவரைப் பார்த்ததில்லை.

"உள்ள வாங்க சாரே. நனையாதீங்க."

கருப்பட்டிக் காப்பி வந்தது. ஞானதாசன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பெட்டி யாருக்க பெட்டி?"

"எனக்க பெட்டி."

"உனக்க பெட்டி கொட்டகையில இருந்து களவு போச்சுன்னு எழுதியிருக்கு."

"எழுதுதவங்க எழுதட்டும்."

"சங்கம் தந்த மூணு பெட்டி எங்க?"

அடுத்த அறையில் மூத்த மகள் பாடம் படிக்கும் சத்தம் கேட்டது. அதைக் காட்டி ஜெயபாய் சொன்னாள்: "நான் வாயத் திறந்தா எல்லாவளுக்கும் வாறது நின்னு போவும்னு செல்லியிருக்கு. முப்பத்தொம்பது பேருக்க வயித்துல நான் அடிக்க முடியாது சாரே. என்னட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

"யாரு செல்லியிருக்கு?"

ஜெயபாய் மகளின் அறைக் கதவைச் சாத்தினாள். ஞானதாசன் வற்புறுத்தவில்லை. காப்பி தம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டு எழுந்தார்.

படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அறுப்பின் பண்டிகைக்கு நான் ஒரு குப்பி தேன் கொண்டு போனேன் சாரே. அத செல்லுததுல குத்தமில்ல. கோயில்ல பேபி அண்ணன்ட்ட கேளுங்க."

* * *

ஊர்ச் சபைக் கோயிலின் பணியாள் பேபிக்கு அறுபத்தெட்டு வயது. பெயரை வைத்தவர்கள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. மணி அடிப்பார், பாய் விரிப்பார். அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் நின்று ஏலம் கூவுவார். முதற்பலனாக ஆண்டவருக்கு வந்த வாழைக்குலை, மரச்சீனி, தேங்காய், சேவல், முட்டை எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் எண் எழுதி அவர்தான் ஏலம் போடுவார். எந்த வருடம் எந்தச் சேவல் யாரைக் கொத்தியது என்பதுவரை மனதில் வைத்திருப்பவர்.

"தேனா? இந்த வருசம் ஒரு குப்பி வந்துது. ஜெயபாய் கொண்டு வந்தா. நீல மூடி போட்ட ஊறுகாய்க் குப்பி."

"மத்தவங்க கொண்டு வந்தது?"

"மத்தவங்க கொண்டு வரல்ல."

"போன வருசம்?"

"ஒண்ணும் வரல்ல."

"நல்லா ஓர்த்துப் பாருங்க பேபி அண்ணே."

"ஓர்க்கதுக்கு என்ன இருக்கு? எண்ணூறு தேங்காய்க்கு நடுவுல ஒரு குப்பி தேன் வந்தா அது மாப்பிள மாதிரில்லா இருக்கும்? எல்லாரும் அதத்தான் பாப்பாவ."

ஸ்மைலினுக்கு இந்த முறை கேலி எதுவும் வரவில்லை. ஞானதாசன் கோயில் வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

கோழி முதல் முட்டை இட்டால் அதைத் துணியில் பொதிந்து கோயிலுக்குக் கொண்டுவரும் பெண்கள் இந்த ஊர்ப் பெண்கள். வீட்டில் பிள்ளை அழுதாலும் முதற்குலை வாழையில் கைவைக்க மாட்டார்கள். ஊரை ஏமாற்றுகிறவர்கள் உண்டு, அரசாங்கத்தை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஆண்டவருக்கு உள்ள முதல் பங்கை ஒளித்துவைக்கிற ஒருத்திகூட இந்த நாற்பதில் இருக்க மாட்டாள். நாற்பது வீட்டில் நூற்றிருபது பெட்டி, இரண்டு அறுவடை, கோயிலுக்கு வந்தது ஒரே ஒரு குப்பி.

"பெட்டி களவு போகல்ல மக்கா" என்றார் ஞானதாசன். "பெட்டியே வரல்ல."

"அப்ப அந்த நாப்பது போட்டோ?"

யோவான் கொடுத்த படக் கோப்பு ஐந்து நாளாக ஞானதாசனின் பையில்தான் இருந்தது. நாற்பது பெண்கள், ஆளுக்கொரு பெட்டியைக் கையில் ஏந்தி, பல்தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் அதைக் கண்ணால் பார்த்தார். முதல் நாள் பார்த்தது நண்பன் கொடுத்த கோப்பு; அதை யார் குறுகுறுவென்று பார்ப்பார்கள்?

ஸ்மைலின் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "எல்லாப் பெட்டிக்கும் வாசல் திறந்து கிடக்கு சாரே. உள்ள ஈச்ச இருந்தா வாசல்ல துணி அடைக்காம எந்தப் பொம்பளயாவது பட்டப் பகல்ல நெஞ்சோட அணைச்சிட்டு இப்படிச் சிரிப்பாளா? பின்ன, இஞ்ச பாருங்க, பலகையில ஒரு கண்ணு மாதிரி முடிச்சு. இவளுக்க பெட்டியிலயும் இருக்கு. இவளுக்க பெட்டியிலயும் இருக்கு." அவள் கோப்பை மூடினாள். "கல்யாண வீட்டுல ஒரே மாலைய நாப்பது பேருக்குப் போட்டுப் படம் எடுத்த கதைதான்."

பேபி இதெல்லாம் எதற்கென்று புரியாமல் இருவரையும் பார்த்தார். பிறகு சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லுவோம் என்று நினைத்தார்போலும். "ஆனா ஒரு காரியம் செல்லணும். அந்த ஒரு குப்பிக்கு நல்ல ஏலம் போச்சு. ஆயிரத்தைந்நூறு. யோவான் சார் வேற யாரையும் விடல்ல. எவ்வளவு பக்தின்னு நான் நெனச்சேன்."

ஞானதாசன் தலை நிமிர்ந்தார். "ஏலம் எடுத்தது யோவானா?"

"பின்ன? பதினேழாம் நம்பர். மூடியில நான்தான் எழுதினேன்."

கோப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு வண்ணப்படம் இருந்தது. அந்த வெளிநாட்டுத் திருச்சபையின் பீடம். இரண்டு மெழுகுவர்த்திகளுக்கு நடுவே, 'நம் சகோதரிகளின் தேன்' என்று மொழிபெயர்ப்புச் சீட்டு ஒட்டிய ஒரு குப்பி. அதன் நீல மூடியில், சிவப்பு மையில், பேபியின் கோணல் கையெழுத்தில், பதினேழு.

அந்தச் சபையார் அதன்முன் ஜெபித்திருப்பார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காணிக்கை போட்டிருப்பார்கள்.

ஞானதாசன் படத்தைக் கோப்பிலிருந்து உருவி எடுத்தார். தெரியாதவன் குத்தினால் உடம்பு வலிக்கும். இதற்கு வலி எந்த இடத்தில் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஜெயபாய்க்க பெட்டி எப்படி வந்துது?" என்றாள் ஸ்மைலின்.

அதற்கும் பேபியிடம் பதில் இருந்தது. "அதுவா. அது ஷிபு வாங்கிக் குடுத்தது. என்னட்ட செல்லி அழுதான். படம் எடுத்துட்டு, பெட்டி அடுத்த வாரம் வரும்னு எல்லாவளுகட்டயும் செல்லச் சங்கத்துல சென்னாவளாம், இவனும் நம்பிச் சென்னான். ஜெயபாய் அன்னைக்கே கழி நட்டு, சிரட்டையில வெள்ளம் ஊத்தி வச்சிட்டா. இவன் அந்த வழி போவும்போதெல்லாம் பாப்பான். பெட்டி இல்ல, சிரட்டையில தெனமும் புது வெள்ளம். மூணு மாசம் பாத்தான். பொறவு தாங்கல்ல. சம்பளத்துல ஒரு பெட்டி வாங்கி ஈச்சயோட கொண்டு வச்சான். நாப்பது பேருக்கு வாங்க அவனுக்கு ஏது? அவன் கள்ளன்னா, நான் பிஷப்பு."

* * *

சங்கத்தின் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. குலைவாழை கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை யோவானே வரிசை பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சட்டைப்பையில் சின்னப் புதிய ஏற்பாடு.

"வா தாசு. சாயா குடிச்சியா?"

"பதினேழு" என்றார் ஞானதாசன். படத்தை ஒரு நாற்காலியின்மேல் வைத்தார்.

யோவான் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, கோணலாக இருந்த இன்னொரு நாற்காலியை நேராக்கினார்.

"அத அழிச்சு அனுப்பச் சென்னேன். ஷிபு அழிக்கல்ல." பெருமூச்சு விட்டார். "வேணும்னுதான் விட்டிருப்பான்."

மறுப்பார் என்று ஞானதாசன் எதிர்பார்த்திருந்தார். கோபப்படுவார், சத்தியம் செய்வார், அதில் ஒரு இழை உண்மையாவது இருக்கும் என்று வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்குக் கிடைத்தது இந்தச் சாதாரணக் குரல்தான்.

"எங்க போச்சு யோவானே, அவ்வளவும்?"

"தெரியாத மாதிரி கேக்குத. ஜின்சிக்க கல்யாணத்துக்கு நீயும் வந்தல்லா. பந்தியில ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்ச."

போன வருடம் யோவானின் மகள் கல்யாணம். நூற்றியொரு பவன் என்று ஊரே பேசியது. 'கர்த்தர் ஆசீர்வதித்திருக்கிறார்' என்று மேடையில் வாழ்த்துரை சொன்னதும் ஞானதாசன்தான்.

"மாப்பிள வீட்டுல கேட்டாவ. எல்லாரும் குடுக்காவ, நான் என்ன செய்யட்டு? கடல் தாண்டி இருக்கவங்களுக்கு இது ஒரு பொட்டு. இவளுகளுக்கும் அடுத்த தவணையில வாங்கிக் குடுத்திருப்பேன்" என்றார் யோவான்.

"அடுத்த தவணைக்குள்ள ஷிபு ஜெயிலுக்குப் போவான். அப்படித்தானே?"

யோவான் அடுத்த நாற்காலியை வரிசைக்குத் தள்ளினார்.

"ஒண்ணு மட்டும் செல்லு. கெட்டிக்காரன் வேற எத்தன பேரு உண்டு. என்ன எதுக்குக் கூப்பிட்ட?"

"கெட்டிக்காரன் வேண்டாம்னுதான்." இதைச் சொல்லும்போது மட்டும் யோவான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ நல்லவன்னு எல்லாருக்கும் தெரியும். ஞானதாசன் செல்லிட்டா பொறவு ஒருத்தனும் கேக்கமாட்டான். நீ நாலு நாள் ஊருக்குள்ள சுத்தினா போதும்னு நெனச்சேன். பாவப்பட்ட பொம்பளைகளத் தொந்தரவு பண்ணாதன்னு சென்னேன், நீயும் கேட்ட. இன்னைக்கு எதுக்குலே மேல ஏறின?"

ஸ்மைலின் ஒரு எட்டு முன்னால் வந்தாள். ஞானதாசன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாலு மணிக்கு அந்த அம்மா வருவாவ. அதுக்கு முன்ன நீயே ஸ்டேஷன்ல போய் செல்லிரு. நான் கூட வாறேன். உனக்க கையப் பிடிச்சிட்டு வாறேன் யோவானே. வழியெல்லாம் விடமாட்டேன்."

"எனக்க ரத்தம் உனக்க வீட்டுல நடமாடுது தாசு."

"தெரியும். பதினொரு வருசமா ராத்திரி ஜெபத்துல உனக்க பேரு செல்லாம நாங்க படுத்ததில்ல. இன்னைக்கும் செல்லுவோம். அதுக்காக இன்னொருத்தன் பிள்ளயப் பலி குடுக்கச் செல்லாத."

யோவான் சட்டைப்பையிலிருந்து, அந்தச் சின்னப் புத்தகத்துக்குள்ளிருந்து, மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். நகல். கண்ணாடி போடாமலே ஞானதாசனுக்குத் தெரிந்தது, அது தன்னுடைய கடிதத் தாள். மேலே அவர் பெயர் அச்சு. நடுவே, விசாரணையில் ஷிபுதான் குற்றவாளி என்று ஐயமற நிரூபணமானதாக ஒரு பக்கம் தட்டச்சு. அடியில் அவருடைய கையெழுத்து.

"காலையில பத்து மணிக்கே புகாரோட சேத்துக் குடுத்தாச்சு. பதினொண்ணுக்கு அவனக் கூட்டிட்டுப் போயாச்சு. நான் பொய்னு நீ இப்பச் செல்லணும்னா, நீ பொய்னுதான் செல்லணும். வெறும் தாள்ல ஒப்பிட்டுக் குடுக்க துப்பறிவாளன்ட்ட பொறவு யாரு கேஸ் குடுப்பா?"

பந்தல் துணியில் தேங்கிய மழைநீர் சொட்டுச் சொட்டாக நாற்காலிகளில் விழுந்தது. நாற்பது பெண்கள் வெறும் பெட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தார்கள். நாற்பத்தோராவது ஆளாக ஞானதாசன் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். அவர்களுக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம்தான்: அவர்கள் ஏமாந்ததோடு சரி. அவருடைய ஏமாளித்தனத்துக்கு ஒருவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

"வா மக்கா" என்றார் ஸ்மைலினிடம்.

"எங்க சாரே?"

"எனக்க ஒப்பு போன இடத்துக்கு."

வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யோவான் நாற்காலியின்மேல் கிடந்த படத்தை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

* * *

காவல் நிலைய வாசலில் ஜெயபாய் நின்றாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள்.

"குட எங்க தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக ஞானதாசன் வருந்தினார். அந்த வீட்டில் இருந்தது ஒரே குடை. அது எங்கே விரிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"ஷிபுவப் பிடிச்சிட்டுப் போனாவன்னு ஜாஸ்பர் அண்ணாச்சி ஆள் விட்டுச் சென்னாவ. இனி வாற பெட்டி வராட்டாலும் போவட்டும் சாரே. மத்தவளுகளும் வாறாளுக. ஏழெட்டுப் பேரு இறங்கியாச்சு."

ஞானதாசன் தன் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மரப்பெஞ்சின் ஓரத்தில் ஷிபு உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். மடியில் கடவுச்சீட்டை இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தான். ஞானதாசனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். தன்னைப் பிடித்துக் கொடுத்தவர் என்று தெரிந்தும் எழுந்து நின்றான்.

அந்த மரியாதை அவரைக் கொன்றது.

"காலையில வந்த அறிக்கை என்னுடையதில்லை. கையெழுத்து மட்டும் என்னுடையது. வெறும் தாளில் போட்டுக் கொடுத்தேன். அதை நான் எழுதித் தர வேண்டும்" என்றார் நிலைய எழுத்தரான ரைட்டரிடம்.

ரைட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மார்த்தாண்டத்தில் அந்தப் பெயரை அறியாதவர் இல்லை. "யோசிச்சுச் செய்யுங்க சார். எழுத்துல குடுத்தா நாளைக்கு ஊரு முழுக்கப் போவும். உங்க பேரு என்னாவும்?"

"பேரை நம்பித்தான் இவ்வளவும் நடந்திருக்கு. கொஞ்சம் குறையட்டும்."

வெள்ளைத் தாள் வந்தது. ஞானதாசன் உட்கார்ந்தார். மணி மூன்றே கால். வெளியே வராந்தாவில் ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாக ஏறி வரும் சத்தம் கேட்டது. ஸ்மைலின் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாரே, இந்தத் தடவ எழுதி முடிச்சிட்டு ஒப்பிடுங்க."